ஏத்தத்துல சொல்லு

அவள் மடவை மீனுக்கு விலை பேசினாலும் முதலில் தண்ணீரைத்தான் பார்ப்பாள். கூடையில் மீன் வாயைப் பிளந்து கிடக்கும், விற்கிறவள் தொண்டை கிழியக் கத்துவாள், இவளோ கழுத்தைத் திருப்பி ஏரிக்கரையில் நட்ட கழியைப் பார்த்துக்கொண்டிருப்பாள். தண்ணீர் கழியில் ஏறிக்கொண்டிருந்தால் பேரம் நடக்கும். இறங்கிக்கொண்டிருந்தால், "அப்பால வர்றேன்மே" என்று போய்விடுவாள். விற்கிறவள் வாயில் மண்தான்.

கடல் தண்ணீர் முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் ஏறி வரும் நேரத்தை எங்கள் குப்பத்தில் ஏத்தம் என்போம். திரும்பக் கடலுக்கு இறங்குவது வத்தம். ஆயுசு முடிந்தவனுக்கு வத்தத்தில்தான் உயிர் போகும் என்று எங்கள் ஆட்கள் எல்லாரும் நம்புவார்கள். அவள் அதற்கும் மேலே ஒரு படி போனாள். வத்தத்தில் மனுசனுக்குப் புத்தியும் சேர்ந்து இறங்கிவிடும், அந்த நேரத்தில் சொன்ன சொல் சொல்லே இல்லை என்பாள். யார் என்ன கேட்டாலும் அவளிடமிருந்து வருகிற பதில் ஒன்றுதான்.

"ஏத்தத்துல சொல்லு."

அப்போது பழவேற்காட்டுக் கோட்டையில் ஒல்லாந்தர் கொடி பறந்தது. இப்போது வேறு கொடி. கொடி மாறியதில் எங்கள் வலையில் ஒரு மீன் கூடியதில்லை, அதை விடுங்கள். அவளுடைய புருஷன் அந்தக் கோட்டையில் சிப்பாயாக இருந்து காய்ச்சலில் செத்தவன். அவன் போன பிறகு அபின் விற்றுப் பிழைத்துக்கொள் என்று கோட்டையில் அனுமதி கொடுத்தார்கள். மாட்டுக் கொம்பில் கடைந்த ஒரு சின்னப் பெட்டியை எப்போதும் இடுப்பில் செருகியிருப்பாள். ஊர் அவளைப் பெட்டிக்காரி என்றது. அவளுக்கென்று ஒரு பெயர் இருந்திருக்கும். நான் கேட்டதில்லை, அக்கா என்றே கூப்பிட்டுவிட்டேன்.

ஆள் நெட்டை. கப்பலில் ஏற்ற லாயக்கில்லை என்று கழித்துப் போட்ட சாயச் சீலைகளைத்தான் கட்டுவாள். எங்கள் பக்கத்தில் எங்குமே பூக்காத பூவெல்லாம் அவள் முந்தானையில் பூத்திருக்கும், ஒன்றின்மேல் ஒன்று ஏறி, சாயம் வழிந்து. கோட்டைக்காரர்களின் கல்லறைத் தோட்டத்து வாசலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்குமே, அவற்றைத் தாண்டும்போதெல்லாம், "இன்னா தொர, சாப்ட்டியா?" என்று விசாரிப்பாள். சாவோடு அவளுக்கு அப்படி ஒரு பழக்கம்.

பல்வலி, பிள்ளை பெற்ற நோவு, திருக்கை முள் குத்தின கடுப்பு, எது வந்தாலும் அவளைத்தான் கூப்பிடுவோம். அபினை மட்டும் யார் கையிலும் கொடுக்க மாட்டாள். வீட்டுக்கே வருவாள், தானே கரைப்பாள், தானே ஊற்றுவாள், நோவு அடங்கும்வரை கவிழ்த்துப் போட்ட மீன்கூடையின் மேல் உட்கார்ந்திருப்பாள். கொஞ்சம் கொடுத்தால் நோவு போகும், மிஞ்சினால் ஆளே போய்விடுவான் என்பது எங்களுக்கெல்லாம் தெரியும். அதனால் அவளிடம் வேறு ஒரு வேலைக்கும் ஆட்கள் வந்தார்கள். குரலைத் தாழ்த்திக்கொண்டு வருவார்கள்.

"கெடந்து சாவறாரு. பாக்க முடியல. முடிச்சி வுட்டுடேன்."

"நோவு யாருக்கு?"

"அவருக்குத்தான்."

"அப்ப அவரு கேக்கட்டும். ஏத்தத்துல கேக்கட்டும்."

இதெல்லாம் ஆளைத் தட்டிக்கழிக்கிற சால்ஜாப்பு என்றுதான் நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். பெண்டாட்டி செத்த ஒரு வலைக்காரன் அவளைக் கட்டிக்கொள்கிறேன் என்று வந்து நின்றான். நல்ல மனுசன், சொந்தப் படகு. "ஏத்தத்துல வந்து கேளு" என்றாள். ஊரே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. அவன் விடாமல் ஏத்தத்தில் வந்தான், தலைக்கு எண்ணெய் வேறு வைத்துக்கொண்டு. அவள் தண்ணீரைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், "நல்லா ரோசிச்சித்தான் சொல்றேன், வேணாம்" என்றாள். பாவம், அவன் அதற்கப்புறம் எங்கள் பக்கம் மீன் விற்கவே வரவில்லை.

என் கதையும் ஒன்று உண்டு. கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரரோடு சண்டை போட்டுக்கொண்டு துணி மூட்டையோடு கிளம்பினேன். வழியில் இவள் மறித்தாள். "வத்தம்மே இப்ப. ஏத்தத்துல கோவம் இருந்தா போ." சரி என்று கரையிலேயே மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன். ஏத்தம் வந்தது. கோபம் கொஞ்சமும் இறங்கவில்லை, இன்னும் நாலு விஷயம் ஞாபகம் வந்து கூடித்தான் போயிருந்தது. "இப்பவும் இருக்குது" என்றேன். "அப்ப போ" என்று மூட்டையைத் தூக்கித் தலையில் வைத்துவிட்டாள். நேராக என்னைப் பெற்ற நைனா வீட்டுக்குப் போனேன். பின்னால் என் வீட்டுக்காரர்தான் இறங்கி வந்து எங்களோடு தங்கினார். ஏத்தத்திலும் அவள் தடுத்திருந்தால் இந்த நல்லது நடந்திருக்காது.

கோட்டையில் அவளை விசாரித்த சமாச்சாரம் இப்படித்தான் ஆரம்பித்தது. பக்கத்துக் குப்பத்தில் ஒரு கிழவி படுத்த படுக்கையாகக் கிடந்தாள். இழுத்துக்கொண்டே இருந்தது, போகவில்லை. மீன்பாடு நல்ல காலம் அது, பிள்ளைகளால் படகு இறக்க முடியவில்லை. பெரிய மகன் வந்து அக்காவைக் கூட்டிக்கொண்டு போனான். அவள் கிழவியின் காதருகே குனிந்து, நோவுதா என்று கேட்டாள். கிழவி இல்லை என்று தலையை ஆட்டினாள், கஞ்சி கேட்டாள்.

அக்கா வெளியே வந்து மகனிடம் சொன்னாள்: "அவளுக்கு நோவு இல்ல. உனக்குத்தான் நோவு. வாயத் தொற, ஊத்தறேன்."

அவனுக்கு மானம் போய்விட்டது. நேராகக் கோட்டைக்குப் போய், பெட்டிக்காரி ஆட்களை மருந்து வைத்து முடிக்கிறாள் என்று பற்ற வைத்துவிட்டான்.

விசாரணை கோட்டை முற்றத்தில் நடந்தது. கருவாடு விற்கப் போகிற சாக்கில் நானும் போய் வாசலில் நின்றேன். நாற்காலியில் ஒரு துரை, பக்கத்தில் அவர் பேச்சைத் தமிழில் சொல்கிற துபாஷி. தன் உயிரைத் தானே போக்கிக்கொள்வது தங்கள் நாட்டில் குற்றம் என்று துரை சொன்னாராம். அப்படிச் செத்தவன் உடம்பைத் தெருவில் இழுத்துப்போய்த் தொங்க விடுவார்கள், குழியும் இல்லை, சடங்கும் இல்லை. அவனுக்கு மருந்து கொடுத்து உதவினவருக்குத் தூக்கு.

அக்கா கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள். பிறகு சொன்னாள்: "செத்தவன இஸ்துகினு போனா அவனுக்கு நோவுமாங்க? நோவுறவன் ஊட்ல கீறான். அவனுக்கு உங்க சட்டத்துல இன்னா எழுதிகீது?"

துபாஷிக்கு வேர்த்துவிட்டது. எப்படியோ அதைச் சொல்லி முடித்தான். துரை நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். அதற்கு ஒன்றும் எழுதவில்லை என்றார். நல்ல மனுசன்தான் என்று எனக்குத் தோன்றியது.

"இதுவரை யாருக்காவது அப்படிக் கொடுத்தது உண்டா?"

"வத்தத்துல கேட்டவங்க நெறைய பேரு. ஏத்தத்துல ஒருத்தரும் கேக்கல."

"கேட்டால் கொடுப்பாயா?"

"கேட்டா பாக்கணும்."

துபாஷி இந்தப் பதிலை, 'தெய்வத்தின்மேல் ஆணையாகக் கொடுக்க மாட்டேன்' என்று மாற்றிச் சொல்லி அவள் கழுத்தைக் காப்பாற்றினான். பிற்பாடு கள்ளுக்கடையில் அவனே பெருமையாகச் சொல்லிக்கொண்டது இது. அவளை எச்சரித்து அனுப்பினார்கள். அபின் தின்று ஒரு ஆள் செத்தாலும் அவளுக்குத் தூக்கு, செத்தவனுக்கு இழுவை என்று எங்கள் குப்பத்தில் தமுக்கும் போட்டார்கள்.

அதற்கப்புறம்தான் என் நைனாவுக்கு வயிற்றில் கட்டி வந்தது.

என் நைனா முரட்டு ஆள். படகில் இடி விழுந்தாலும் துடுப்பை விடாதவர். அந்த மனுசன் முழங்காலை வயிற்றோடு சேர்த்துக்கொண்டு, குரல் வெளியே வராமல் துணியைக் கடித்துக்கொண்டு கிடந்தார். பெற்ற பெண் அதைப் பார்த்துக்கொண்டு சோறு பொங்க வேண்டும். என் எதிரிக்கும் அந்த அடுப்படி வேண்டாம்.

அக்கா காலையிலும் பொழுது சாய்கிறபோதும் வந்தாள். கொஞ்சம் ஊற்றுவாள், கூடைமேல் உட்காருவாள். நோவு விட்டுக்கொடுக்கும், அவர் தூங்குவார். மருந்து தேய்ந்ததும் மறுபடி ஆரம்பிக்கும். ஒருநாள் அவள் பெட்டியைத் திறந்தபோது நைனா அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எம்மா, போதும்மா. மொத்தமா குடுத்துடு. கும்புட்டுக் கேக்கறேன்."

யாருக்கு நோவோ அவரே கேட்டுவிட்டார். அக்கா வழக்கம்போலத் திரும்பி ஏரியைப் பார்த்தாள்.

"ஏத்தத்துல சொல்லுங்க மாமா."

"இன்னா ஏத்தம்? கோடைல வாய் அடைஞ்சி கெடக்குது. தண்ணி குட்டையாட்டம் கெடக்குது. ஏத்தம் எங்கேர்ந்துமா வரும்?"

உண்மைதான். கோடையில் கடல் மணலைத் தள்ளி முகத்துவாரத்தை அடைத்துவிடும். அப்புறம் ஏரியில் ஏறவும் தண்ணீர் இல்லை, இறங்கவும் இல்லை. இத்தனை காலம் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிக்கொண்டு திரிந்தவளுக்கு, வாய் அடைந்த நேரத்தில் ஒருவர் இப்படிக் கேட்பார் என்று தோன்றவே இல்லை போலிருக்கிறது. முதல்முறையாக அவள் திணறி நான் பார்த்தேன்.

"அப்ப வாய் தொறக்கட்டும்" என்றாள் கடைசியில்.

எனக்கு வந்ததே ஆத்திரம்! வாசலில் வைத்து அவளைப் பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டேன். "மனுசன் துடிக்கிறாரு, நீ தண்ணியக் காட்டிப் பேஜார் பண்றியா? தூக்குக்குப் பயமா இருந்தா பயம்னு சொல்லு!"

"பயம்தான்" என்றாள். "ஆனா அதுக்காவ சொல்லல. நோவுக்கு எப்ப வேணா கூப்புடு, ஓடியார்றேன். முடிவுக்கு ஏத்தம் வேணும்."

போய்விட்டாள். அவள் சொல்வதை ஒப்புக்கொள்ளவும் முடியவில்லை, தள்ளவும் முடியவில்லை. என் நைனா சாக வேண்டாம் என்றும் இருந்தது, இந்த நோவோடு இருக்கவும் வேண்டாம் என்றும் இருந்தது. நீங்களே சொல்லுங்கள், இரண்டில் எதைக் கேட்டு சாமி கும்பிடுவது?

நைனா என்ன செய்தார் தெரியுமா? ஊர் ஆட்களைக் கூப்பிட்டார். "வாய வெட்டுங்கடா" என்றார். வருசா வருசம் மழைக்கு முன்னால் ஊர்கூடி மணல்மேட்டை வெட்டி முகத்துவாரத்தைத் திறப்பது வழக்கம்தான். எங்கே கோடு போடுவது என்று சொல்கிறவரும் நைனாதான். இந்தத் தடவை முன்னதாகவே வெட்டச் சொன்னார். ஏன் என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

கோவில் வாசலில் ஊர் கூடியது. அதுபோல ஒரு வழக்கு எங்கள் ஊரில் நடந்ததில்லை. என் வீட்டுக்காரர் எழுந்து, "நான் மம்பட்டி தொட மாட்டேன். மாமனார கொல்றதுக்குக் கால்வாய் வெட்டுவாங்களா?" என்றார்.

"வெட்டலன்னா அவரு கெடந்து அவஸ்தப்படறாரே, அது யார் தலைல வுடியும்?" என்றார் எதிரே இருந்த ஒருவர்.

"உசுரக் குடுத்தவன் எடுத்துக்கட்டும். நாம யாரு?"

"அப்டீனா அபினே குடுக்காத. நோவயும் அவன்தான குடுத்தான்?"

ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். கடைசியில் ஊர்ப் பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "நாம மீனுக்குத்தான் வெட்டறோம். தண்ணி உள்ள வந்தா எறா வரும். அவரு இன்னா கேப்பாரு, அவ இன்னா குடுப்பா, அது அவங்க ரெண்டு பேரு பாடு." தீர்ப்பு என்றால் தீர்ப்பு, நழுவல் என்றால் நழுவல். ஆனால் எல்லாரும் எழுந்துகொண்டார்கள். என் வீட்டுக்காரரும் மறுநாள் காலை மம்பட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

பௌர்ணமி பார்த்து வெட்டினார்கள். கடல் அப்போதுதான் நன்றாக ஏறும். நைனா கட்டிலோடு தன்னைத் தூக்கிப்போகச் சொன்னார். மணல்மேட்டின்மேல் ஓலையைச் சாய்த்து நிழல் கட்டி, கட்டிலைப் போட்டோம். முந்தினநாள்வரை எழுந்து உட்காராத மனுசன் முழங்கையை ஊன்றிக்கொண்டு கத்தினார். "அங்க இல்லடா, வடக்க வா! வடக்க! கண்ணு பொட்டையா?" திட்டு வாங்கினவர்கள் சிரித்துக்கொண்டே வெட்டினார்கள். நான் சிரிக்கவில்லை. அக்கா கட்டிலின் கால்மாட்டில் கூடையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தாள். கை பெட்டியின்மேல் இருந்தது.

கடைசி மண்ணைத் தள்ளியதும் கடல் உள்ளே வந்தது. முதலில் ஒரு விரல் அகலம்தான். பிறகு இரண்டு பக்கமும் மணல் பொத்துப் பொத்தென்று சரிந்தது, வெட்டினவர்கள் குதித்து ஓடினார்கள், நுரைத்துக்கொண்டு ஒரே ஓட்டமாகத் தண்ணீர் ஏரிக்குள் ஏறியது. பெண்கள் குலவையிட்டார்கள். எனக்குக் காது அடைத்துக்கொண்டது.

அக்கா எழுந்தாள். கட்டிலுக்கு முன்னால் வந்து நின்றாள். பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"மாமா. ஏத்தம் இது. இப்ப சொல்லுங்க."

நைனா கழுத்தை எக்கி அவளுக்குப் பின்னால் பார்த்தார்.

"மாமா, கேக்கறேன்ல. வேணுமா, வேணாமா?"

"கொஞ்சம் நவுரும்மா" என்றார் நைனா எரிச்சலாக. "எறா ஏறுதா பாக்கணும். நடுவுல நிக்கிறா பாரு!"

அவள் நகர்ந்தாள். அங்கேயே மணலில் உட்கார்ந்துவிட்டாள். அவள் முதுகு குலுங்கியது. அழுகிறாளா, சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. நான் இரண்டையும் செய்தேன்.

நைனா அதற்கப்புறமும் சில காலம் இருந்தார். நோவு போய்விடவில்லை. வரும்போதெல்லாம் அவள் ஓடி வந்தாள், தேவைக்குத் தகுந்தபடி கூட்டிக் கொடுத்தாள். ஏத்தத்தில் வந்தால் தவறாமல் கேட்பாள். நைனா சிலநாள் "நாளைக்கிப் பாக்கலாம்" என்பார், சிலநாள் அவளைப் பார்த்துச் சும்மா சிரிப்பார். பிறகு ஒரு காலை நேரத்தில், வத்தம் இறங்கிக்கொண்டிருந்தபோது, வலை போடப் போனவர்கள் திரும்புவதற்குள், தூக்கத்திலேயே போய்விட்டார். முகம் சுளிக்காமல் கிடந்தார். கோட்டையிலிருந்து ஆள் வந்து விசாரித்தான், ஒன்றும் குற்றமில்லை என்று திரும்பிப் போனான். சங்கு ஊதி, பூப்போட்டு, நாலு பேர் தோளில் தூக்கி மரியாதையாக என் நைனாவை அனுப்பினோம். அன்றைக்கு எனக்கு வந்த நிம்மதியைத் துக்கம் கேட்க வந்தவர்களிடம் மறைக்கத்தான் பெரும்பாடாகிவிட்டது.

காரியமெல்லாம் முடிந்த பிறகு அக்காவைத் தேடிக்கொண்டு போனேன். கரையில் இருந்தாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கறேன். அன்னிக்கி நைனா வேணும்னு சொல்லியிருந்தா, நெசமா குடுத்திருப்பியா?"

அவள் கழியைப் பார்த்தாள். "ஏத்தத்துல கேளு."

அடிப்பாவி என்று திட்டிக்கொண்டே அங்கேயே உட்கார்ந்தேன். வேறு வழி? கால் நனைகிற அளவு தண்ணீர் ஏறி வந்ததும் மறுபடி கேட்டேன்.

அவள் பெட்டியைத் திறந்தாள். மேலே வழக்கமான அபின் துணுக்கு. அதற்கடியில் பூவரச இலையில் சுற்றி இன்னொன்று இருந்தது. இலை காய்ந்து நொறுங்கியிருந்தது. பிரித்துக் காட்டினாள். அவ்வளவு பெரிய உருண்டையை நான் அவளிடம் பார்த்ததே இல்லை.

"அன்னிக்கி கொண்டாந்தது" என்றாள்.

"உன்னத் தூக்குல போட்டிருப்பாங்களே அக்கா!"

"போட்டிருப்பான்."

"தெரிஞ்சா கொண்டாந்த? நீ ஏத்தம் ஏத்தம்னு ஆளுங்கள ஏமாத்தறேன்னு நெனச்சிகினு இருந்தேன்."

"ஏமாத்தறதா?" என்று என்னைப் பார்த்தாள், முதல்முறையாகக் கொஞ்சம் கோபமாக. "குடுக்கறதில்லன்னு மனசுல முடிவு பண்ணிகினு, வேணுமா வேணாமான்னு ஒருத்தரக் கேக்கலாமாமே? கேட்டா அது கேள்வியா?"

இலையைத் திரும்பச் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தாள்.

"உங்க நைனா நவுரச் சொன்னாரு பாரு," என்றாள், "ஐயோ, என் வயித்துல பால வாத்தாருமே."